ஒன்பது அடி

"கையைத் தூக்குங்க சார். ரோட்டை அகலப்படுத்தாம இந்த ஊரை இனிமே காப்பாத்த முடியாது."

டெய்லருக்கு இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் தேர்தல், அவரும் ஒரு வேட்பாளர், நடுவில் நான்கே நாள். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாட்டில் மனசு இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கிறது, கண் தெருவுக்குப் போய்விடுகிறது. இந்த நிலைமையில் கையில் பையோடு ஒருவர் கடைக்குள் ஏறி, அளவு எடுக்கணும் என்று சொன்னதுதான் தாமதம், வேட்பாளர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிவிட்டார். வந்தவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓட்டுக் கேட்கிறவரிடம் அதெல்லாம் நடக்குமா?

"தோள் பதினெட்டு," என்றார் டெய்லர். மூலையில் காஜா தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நோட்டில் எழுதினாள். அவள் முகம் சரியாக இல்லை. தெருவில் பாதிப் பேர் இவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாத்திரக் கடைக்காரர் கொடுத்த பேன்ட் துணியை வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் இந்த ரோடு பேச்சால் வந்த வினை.

டெய்லரின் கொள்கை சுருக்கமானது. பத்து வருஷத்தில் ஊர் மூன்று மடங்காகிவிட்டது. புதுக் குடியிருப்பு, புதுப் பள்ளிக்கூடம், புது லாரி எல்லாம் வந்துவிட்டன, தெரு மட்டும் பழைய அகலத்திலேயே கிடக்கிறது. போன மாதம் ஒரு ஆம்புலன்ஸ் இந்தத் தெருவில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டதில், ஆஸ்பத்திரியில் பிறக்க வேண்டிய குழந்தை அவர் கடை வாசலிலேயே பிறந்தது. மறுநாளே மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தெருவுக்கு இன்னும் ஒன்பது அடி வேண்டும் என்று.

"வளர்ற பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ள துணி விட்டுத் தைப்போம் சார். வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம். இந்த ஊரை வெட்டினவன் ஒரு இஞ்சுகூட உள்ள விடலை. இப்ப மூச்சு முட்டுது. கிழியறதுக்கு முன்னாடி நாமளே பிரிச்சுடணும். மார்பு முப்பத்தெட்டு."

வந்தவர் வாட்சைப் பார்த்தார். கொஞ்சம் அவசரம் என்றார். நாளைக்கே தந்துவிடுகிறேன் என்றார் டெய்லர். 'நாளைக்கே' என்பது வேட்பாளர்கள் வாயில் சுலபமாக வரும், டெய்லர்கள் வாயில் அதைவிடச் சுலபமாக வரும். இவர் இரண்டுமாக இருந்தார்.

தெருவில் ஒலிபெருக்கி வண்டி ஒன்று ஊர்ந்து போனது. எதிர் வேட்பாளருடையது. ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டோம் என்று அது சத்தியம் செய்துகொண்டே போக, யார் யார் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க டெய்லர் வாசலுக்குப் பாய்ந்தார். டேப் இன்னும் வந்தவரின் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தது. அவரும் கூடவே இரண்டு எட்டு வைக்க வேண்டியதாயிற்று.

"ஏங்க," என்றாள் மனைவி. "ஒன்பது அடி எடுத்தா அதுக்குள்ள இருக்கறவங்க எங்க போவாங்க?"

அவள் பலமுறை கேட்ட கேள்விதான். அவரும் பலமுறை சொன்ன பதில்தான்.

"எதிர் வரிசைதான் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. நம்ம வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. முப்பது வருஷமா துணி வெட்டற கண்ணு இது. கால் இஞ்சு கோணல்னாலும் காட்டிக் கொடுத்துடும்."

"அவங்களும் நம்மளை மாதிரி கடையை வச்சுத்தானே சாப்பிடறாங்க?"

"கஷ்டம்தான், நான் இல்லைன்னா சொல்றேன்? நஷ்ட ஈடு வாங்கித் தர்றது என் பொறுப்பு. ஆனா ஊர் வளரணும்னா யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்."

அவள் ஊசியை மறுபடி கையில் எடுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாடகை, மகளின் காலேஜ், வைத்தியம் எல்லாமே இந்த ஒரு கடையை நம்பித்தான். தோற்றால் எதிர் வரிசை சிரிக்கும், ஜெயித்தால் எதிர் வரிசை அழும். இரண்டில் எது வந்தாலும் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் இவள் காஜா தைக்க வேண்டும்.

டெய்லர் வந்தவர் பக்கம் திரும்பினார். "நீங்க இந்தத் தெரு ஆள் இல்லை. உங்களுக்குப் பாரபட்சம் கிடையாது. நீங்களே சொல்லுங்க சார், நான் கேக்கறது நியாயமா இல்லையா?"

"நியாயம்தாங்க," என்றார் அவர். "நல்ல மனசு உள்ளவங்கதான் இப்படிக் கேப்பாங்க."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக டெய்லருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேட்டுக்கோ என்பதுபோல மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "துணியை எடுங்க சார். முழுக்கையா, அரைக்கையா?"

வந்தவர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தது துணி இல்லை, முப்பது மீட்டர் டேப்.

"சட்டை எனக்கு வேண்டாங்க. அளவு எடுக்க வந்தது நான்தான். மாநகராட்சியிலேர்ந்து வர்றேன், உங்க மனு விஷயமா. எதிர் வரிசை வரைபடத்துல இருக்கற மாதிரியே சரியா இருக்கு. வெளிய துருத்திக்கிட்டு இருக்கறது இந்த வரிசைதான்."

வாசல்படியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி டேப்பின் முனையை வேட்பாளர் கையிலேயே கொடுத்துவிட்டு அவர் உள்ளே நடந்தார். மனைவி எழுந்து வழிவிட, ஒன்பதாவது அடி கடையின் பின்சுவரில் போய் முட்டி நின்றது.