ஒரு கையெழுத்துதான் பாக்கி

"இன்னைக்காவது வப்பீகளா, மாட்டீகளா?"

நல்லகாமன் கேட்டதும், மாட்டுக்குத் தட்டை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா விருமாண்டி நிமிரவில்லை.

"சாயந்தரம் பாப்பம்டா."

பன்னிரண்டு நாளாக இதே பதில்தான்.

வாடிப்பட்டிப் பக்கத்து அந்த ஊரில் ஆறாவது பாரம், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு, தேறிய முதல் ஆள் நல்லகாமன். 1938-ஆம் வருஷம் அது. மதுரைக் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர அப்ளிகேஷன் வாங்கி வந்திருந்தான். ஹெட்மாஸ்டர் நன்னடத்தைச் சான்று கொடுத்துவிட்டார். அம்மை குத்திய சர்ட்டிபிகேட்டும் கைக்கு வந்துவிட்டது. தகப்பனார் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்று பள்ளிக்கூட குமாஸ்தா சொல்லியிருந்தார்.

சாயந்தரமானால் விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்.

"எங்கதான் போறாக, கள்ளுக்கடைக்கா?" என்று அம்மாவிடம் கேட்டான்.

"கேட்டா சிரிச்சிக்கிட்டே போறாரு. நான் என்னத்தக் கண்டேன்" என்றாள் அழகம்மாள்.

கூடப் படித்த முத்துக்கருப்பன்தான் போட்டு உடைத்தான். "உங்கய்யாவுக்கு உன்னைய அனுப்ப மனசில்ல மாப்ள. நீ போயிட்டா உழவுக்கு ஆளு?"

அது நல்லகாமன் மனசில் நன்றாகத் தைத்துவிட்டது.

மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் கெடு முடிந்துவிடும். அப்ளிகேஷனையும் மை தடவிய துணியையும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தான்.

"இஷ்டமில்லைன்னா சொல்லிருங்க. தகப்பன் இல்லைன்னு எழுதி, சித்தப்பாகிட்ட ரேகை வாங்கிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

விருமாண்டி மைத்துணியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "பேனாவ எடுத்தா" என்றார்.

"பேனா எதுக்கு?"

"எடுத்தாடா."

காகிதத்தைப் பலகைமேல் வைத்துக் குனிந்துகொண்டார். ஏர் பிடிக்கும் கை பேனாவை இறுக்கிப் பிடித்தது. வி... ரு... மா... அங்கே நின்றுவிட்டார். கண்ணை மூடி உதட்டுக்குள் என்னவோ முனகினார். அப்புறம் ண்... டி. எழுத்தெல்லாம் கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

நல்லகாமன் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தான்.

"கண்ணுச்சாமி வாத்தியாரு வீட்டுல எழுதிப் பழகுனேன். நேத்துத்தான் பிழையில்லாம வந்துச்சு. அந்த 'ண்'தான் ரொம்பச் சண்டித்தனம் பண்ணிருச்சு."

"ரேகையே போதும்னாகளே, அய்யா..." அவன் குரல் இறங்கியிருந்தது.

"அது தெரியும்டா." விருமாண்டி பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஒரு தப்பும் செய்யாம, இந்தச் சாதியில பொறந்த குத்தத்துக்கு வாரந்தவறாம போலீஸ் ஸ்டேஷன்ல வைக்கிற விரலு இது. உன் படிப்புக் காயிதத்துல அது பட வேணாம்னுதான்."