சாமியார் விரலில் ஏறாதவர்

நர்சீஸ் அந்தச் செடியை விடவே மாட்டேன் என்றார்.

பாறை இடுக்கில் முளைத்த முழ உயரக் கருவாலிச் செடி. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பாதம் மட்டும் பதியும் விளிம்பில், கன்னத்தைப் பாறையோடு ஒட்டி நின்றிருந்தார். இருபது மீட்டர் கீழே, நடைபாதையில், அவருடைய மலையேற்றச் சங்கம் மொத்தமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்தான் சங்கத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிவந்த பிள்ளைகளுக்குப் பாறையில் எப்படி ஏறுவது என்று காட்டப்போய், பாதியில் கால் பூட்டிக்கொண்டுவிட்டது.

நான் மலை மீட்புப் படையில் இருக்கிறேன். மேலேயிருந்து கயிற்றில் இறங்கி, அவருக்குப் பாதுகாப்புப் பட்டையையும் மாட்டிவிட்டேன். அவராகச் செடியை விட்டால் ஐந்து நிமிடத்தில் தரையில் இறக்கிவிடலாம். செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் இரண்டு பேரும் ஊசலாடிப் போய்ப் பாறையில் மோத வேண்டியதுதான். வேர் ஏற்கெனவே மண்ணை உதிர்க்க ஆரம்பித்திருந்தது.

"முதல்ல ஒரு சாமியாரைக் கூப்பிடும்மா. பாவமன்னிப்புக் கேக்காம நான் இங்கேருந்து அசைய மாட்டேன்."

எங்கள் மொன்செராத் மலையில் சாமியாருக்குப் பஞ்சமில்லை. பெனடிக்ட் சபை மடம் அடுத்த திருப்பத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு அகப்பட்டவர் ஃபாதர் போனிஃபாசி. எண்பத்துநான்கு வயது. சாப்பிட்டுவிட்டுக் காட்டாடுகளைப் பார்க்கக் கோலூன்றி வந்தவரை அப்படியே பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

அவருக்குக் காது கேட்காது.

நர்சீஸ் பாறையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லு மகனே!" என்றார் கீழேயிருந்து ஃபாதர்.

கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"இன்னும் சத்தமா!"

மரியாதைக்காக நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு கையில் கயிறு இருந்ததால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

நர்சீஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "சாமியார் விரல் மேல நான் ஏறவே இல்ல சாமி!"

எதிர்ப் பாறைகள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லின.

சாமியார் விரல் எங்களுக்கு நேர் எதிரே நின்றது. மலையின் மற்ற பாறைகளிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் ஊசிப் பாறை. அதன் உச்சியில் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு கடுகளவில் ஓர் உருவம் நிற்கும் படம், எங்கள் ஊர்ச் சங்கக் கூடத்தில் முப்பத்தாறு வருடமாக மாட்டியிருக்கிறது. கீழே பித்தளைத் தகட்டில் நர்சீஸின் பெயர். வருடா வருடம் மே மாதம் அதற்கு ஒரு விருந்து. வெள்ளை மொச்சையும் பன்றித் தொத்திறைச்சியும் முடிந்ததும் நர்சீஸ் எழுந்து அந்தக் கதையைச் சொல்வார். கால் வழுக்கும் இடத்தில் பிள்ளைகள் அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொள்ளும்.

"பாதியிலயே பயம் வந்துருச்சு! இறங்கி வந்து பக்கத்துப் பாறையில உக்காந்து போட்டோ எடுத்தேன். மேல நின்னவன் யாருன்னே தெரியாது! படத்தைப் பாத்துட்டு, 'இது நீயா'ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்!"

பாதையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிச் சாமியார் விரலைப் பார்த்தார்கள்.

பிறகு அவர் மனைவி ரெமெய்யின் குரல் வந்தது. "யோவ்! அந்தக் கதையைக் கேட்டுத்தானேய்யா உன்னைக் கட்டிக்கிட்டேன்!"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் தும்மினார். "தலைவரே, அப்ப அந்த இடி, மழை?"

"அது வேற நாளு!" என்றார் நர்சீஸ், கண்ணைத் திறக்காமலே.

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் பாதையில் உருண்டு சிரித்தார்கள்.

ஃபாதர் போனிஃபாசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?"

ரெமெய் அவர் காதருகே குனிந்து கத்தினாள். "பாவமன்னிப்பு ரகசியம் சாமி! வெளிய சொல்லக் கூடாது!"

ஃபாதர் அதை ஏற்றுக்கொண்டார். கையை உயர்த்தி, எங்கள் திசை என்று அவர் நினைத்த பக்கம் பெரிதாகச் சிலுவை வரைந்தார். அங்கே நின்றிருந்த காட்டாடு ஒன்றுக்கும் மன்னிப்புக் கிடைத்தது.

நர்சீஸ் செடியை விட்டார்.

இரண்டு பேரும் கயிற்றில் இறங்க ஆரம்பித்தோம். பாதி வழியில் மெல்லக் கேட்டார். "அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் இன்னும் உயிரோட இருப்பானா? பாத்தா கால்ல விழுந்துருவேன்."

"இப்ப உங்க காலைப் பாத்து வைங்க," என்றேன்.

தரையில் இறங்கியதும் ரெமெய் அவரைத் தோளில் நாலு அடி அடித்தாள். ஐந்தாவது அடிக்கு ஓங்கிய கையால் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டத்திலிருந்து என் அம்மா எலிசெண்டா வந்து, தக்காளி தேய்த்த ரொட்டித் துண்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள். "சாப்பிடு நர்சீஸ். வர்ற மே மாசமும் நீதான் கதை சொல்லணும். இடி, மழையோட."

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

அம்மா அவர் தலைக்கு மேல் என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அவள், சுகப்பிரசவம் வேண்டி மடத்தில் மெழுகுவத்தி ஏற்றப் போவதாகத்தான் மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். மாமியார் சாகும்வரை அந்தப் படத்தில் நிற்பது யார் என்று அவளால் வாய் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, கதை மிகவும் நன்றாக ஆகிவிட்டிருந்தது.

உச்சியில் அவள் முதுகைக் காட்டி நின்றாள். அதனால்தான் நான் அந்தப் படத்தில் விழவில்லை.