ஆற்றங்கரை ஊர் மட்டும் வேண்டாம்

மேசைமேல் இரண்டு ஊர்களின் வீட்டுப் படங்கள் கிடந்தன. மாநகரத்தை விட்டுக் கிளம்புவது முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் இழுபறி.

"ஆத்தங்கரை ஊருக்கே போயிடலாங்க. அக்கா பக்கத்துலயே இருக்கா. அவ சின்னவனுக்கும் அடிக்கடி உடம்புக்கு முடியல, ஒத்தாசையா இருக்கும்," என்றாள் மனைவி.

"அது மட்டும் வேணாம்."

"ஏன்?"

"கொசு."

"இங்க மட்டும் இல்லையாக்கும்!"

"பள்ளிக்கூடமும் சரியில்ல."

"நொண்டிச் சாக்கு சொல்லாதீங்க. என் சொந்தக்காரங்கன்னாலே உங்களுக்கு வேப்பங்காய்."

அவன் படத்தைக் கவிழ்த்து வைத்தான். "மலையடிவாரத்துக்குப் போவோம்."

"அங்க தண்ணிக்கே லாரி வரணும். ஆத்தங்கரையில குழாயைத் திறந்தா கண்ணாடி மாதிரி கொட்டுது."

அவன் மலையடிவார வீட்டுப் படத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அதை நம்பித்தானே அக்கா மூணு பிள்ளைங்களோட குடி போனா? உங்க லேப்புலதானே அந்தத் தண்ணிய சோதிச்சீங்க? குடிக்கலாம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க!"

"போடச் சொன்னாங்க. போட்டேன்."

அவள் முகம் வெளிறியது. கை போனைத் தேடியது.

அவன் முந்திக்கொண்டு அதை எடுத்தான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."