கதவருகே நிற்பவள்

ஹெட்போனில் நண்பர்கள் ஆளாளுக்குத் தாங்கள் ஆடும் கேமைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு டிராகன் சாகவே மாட்டேன் என்கிறதாம்.

"ஜெரோம், நீ அந்த ரெண்டு பேரு ஆடுற கேமை முடிச்சியா மக்கா?" என்றான் செல்வின்.

"கதவுகிட்ட நிக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தாத்தான் திறக்கும்."

டிராகன்காரன் தன் ஆட்டத்தை நிறுத்தினான். ஜெரோமின் மனைவி ஷைனியின் அடக்கத்துக்கு வந்து நின்றவர்கள்தான் எல்லோரும்.

"நான் வீட்டுக்கு வாரேன். அவ கன்ட்ரோலரை நான் பிடிக்கேன்," என்றான் செல்வின்.

திரையில், ஷைனி கடைசியாக விட்ட இடத்திலேயே அவளுடைய நீலத் தொப்பிக்காரி நின்றிருந்தாள். யாரும் ஆடாதபோது எல்லாப் பொம்மைகளும் செய்வதுபோல மூச்சுவிட்டாள். அவ்வப்போது ஜெரோமின் பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்ல," என்றான் ஜெரோம். "நீ தொட்டா அவ நகந்துருவா."