சுவர்ப்பக்கம்

காலைப் பூசைக்கு முன், அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் றெஜினா அக்கா ரோசாப்பூ மெழுகுதிரியை வைக்கிறாள். நேற்று எமில்டா தன் வீட்டில் வார்த்து அக்காவுக்கு விற்றது அது. மெழுகு ஆறும்போது ஓர் இதழ் குழிந்துபோக, அதில் வெள்ளித்தூள் பூசி, அந்தப் பக்கம் தெரியாமல் கடதாசியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். இப்போது யன்னல் வெயில் நேராக அந்தக் குழியில் விழுகிறது. பின்வரிசை வாங்கில் அமர்ந்திருக்கும் எமில்டா அதையே பார்க்கிறாள். அக்காவின் பெருவிரல் குழியை மெல்லத் தடவுகிறது. பிறகு, குழி சுவர்ப்பக்கம் போகும்படி மெழுகுதிரியைத் திருப்பி வைத்துப் பற்றவைக்கிறாள். வந்து எமில்டாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறாள். "வடிவா எரியுது, என்ன?" என்கிறாள். "ஓம் அக்கா." கும்பிடக் கைகளைச் சேர்க்கிறாள் எமில்டா, நகக்கண்ணில் நேற்றைய வெள்ளித்தூள் மின்னுகிறது. விரல்களை உள்ளே மடித்துக்கொள்கிறாள்.