பியானோவின் மூடி

சின்ன வயதில் கட்டைகளின் மேலிருக்கும் கனத்த மூடி விழுந்து விரல்கள் நசுங்கியதிலிருந்து ஜெமீமா பியானோ பக்கமே போகவில்லை. இப்போது பதினேழு வயதில் அவளாகவே, "திரும்ப வாசிக்கணும்ப்பா" என்றாள். அப்பா எட்வின் அவளைப் பழைய பியானோ விற்கும் கடைக்குக் கூட்டிவந்தார். மூடி மெதுவாக இறங்கும் புதிய கிராண்ட் பியானோக்களின் விலை அவருக்கு எட்டவில்லை. எட்டிய விலையில் ஒன்றே ஒன்று இருந்தது.

"மூடி மட்டும் கொஞ்சம் லூசு சார். சத்தம் அருமையா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

எட்வின் மகள் பக்கம் திரும்பினார். "வேண்டாம்மா, போயிடலாம்."

அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். விரல்களைக் கட்டைகளுக்கு மேலே நீட்டி, தொடாமல் நிறுத்தினாள். "அப்பா, மூடியப் பிடிச்சுக்கோங்க."

அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் முதலில் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். தடுமாறித் தடுமாறி ஒரு பாட்டு எழுந்து வந்தது. அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"இதையே எடுத்துக்கலாம்ப்பா" என்றாள், வாசிப்பதை நிறுத்தாமல். "எனக்குப் பயம் போயிடுச்சு. நீங்க கைய எடுங்க."

"சரிம்மா" என்றார் எட்வின். கையை எடுக்கவில்லை.