ஐந்தரைக் கிலோ

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பது அந்த நர்ஸின் வேலை. படுக்க வைத்தாலே வீறிடும் கைக்குழந்தைகளுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து மெஷினில் ஏற்றுவாள். பிறகு பிள்ளையைத் தான் வாங்கிக்கொண்டு, தாயை மட்டும் நிறுத்திப் பார்த்துக் கழிப்பாள்.

போன மாதம் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்று காலை வந்து வரிசையில் நின்றாள். திருப்பி அனுப்ப நர்ஸுக்கு மனசு வரவில்லை.

"ஏறி நில்லும்மா."

முள் ஐம்பத்தைந்தரையில் நின்றது. பழைய சீட்டில் தாய் ஐம்பது, பிள்ளை ஐந்து என்று நர்ஸின் கையெழுத்திலேயே இருந்தது.

"ஏறியிருக்கானா சிஸ்டர்?"

மெஷின் கோளாறாக இருக்கும் என்று முள்ளைச் சரிசெய்து மறுபடி ஏற்றினாள். அதே ஐம்பத்தைந்தரை. நர்ஸ் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள்.

"தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கங்க," என்றபடி அவள் தன் வெறுங்கைகளை நர்ஸின் கைகள்மேல் மெதுவாகச் சரித்தாள்.

முள் ஐம்பதுக்கு இறங்கியது.

இனி சீட்டில் எழுத வேண்டும். அதற்கு ஒரு கையையாவது எடுக்க வேண்டும். நர்ஸுக்குத் துணிச்சல் வரவில்லை.